உலக சாம்பியன் ஆகாவிட்டால் எல்லாம் வீணா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்து செஸ்தான் உயிர். ஐ.எம். (இன்டர்நேஷனல் மாஸ்டர்) பட்டம் வாங்கிவிட்டான், அதற்கு மேலுள்ள கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான நார்ம் (போட்டியில் காட்டவேண்டிய தகுதி ஆட்டம்) ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஆனால் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, “நான் அங்கே போகவே முடியாது, இத்தனை வருஷமும் வீண்” என்று பலகையைத் தொடுவதில்லை. எப்படித் தேற்றுவது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, பால் கெரெஸ் யார் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அவனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

கெரெஸ் எஸ்தோனியா நாட்டு செஸ் வீரர், 1916-ல் பிறந்தவர். வளர்ந்த பார்னு ஊரில் சரிக்குச் சரி ஆட ஆள் கிடைக்காததால், தபாலில் ஒவ்வொரு நகர்த்தலாக எழுதி அனுப்பியே ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டார். 1938-ல், 22 வயதில், நெதர்லாந்தில் நடந்த அவ்ரோ போட்டியில் ரூபன் ஃபைனுடன் முதலிடம். அன்றைய உலக சாம்பியன் அலெகைன், முன்னாள் சாம்பியன் கபபிளாங்கா, பின்னாளில் சாம்பியன் ஆன போட்வின்னிக் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான். அடுத்த வருஷமே உலகப் போர் வந்தது. 1940-ல் அவருடைய நாட்டையே சோவியத் யூனியன் விழுங்கிவிட்டது.

போர் முடிந்த பிறகு மூன்று முறை சோவியத் சாம்பியன் ஆனார். உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸில் 1953, 1956, 1959, 1962 என்று வரிசையாக நான்கு தடவை இரண்டாம் இடம். அந்த 1962-ஐ நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. குராசாவ் தீவில் நடந்த போட்டி அது. பால் பென்கோவை அங்கே மூன்று முறை தோற்கடித்திருந்தார் கெரெஸ். கடைசிக்கு முந்தைய சுற்றில் அதே பென்கோவிடம் தோற்றார். பெட்ரோசியனுக்கு 17½ புள்ளி, இவருக்கு 17. பெட்ரோசியன் அடுத்த வருஷம் உலக சாம்பியன் ஆனார்.

கபபிளாங்காவில் தொடங்கி ஃபிஷர் வரை ஒன்பது உலக சாம்பியன்களை வென்றவர் கெரெஸ். 1975-ல் வான்கூவரில் ஒரு போட்டியை வென்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில் இறந்தார். எஸ்தோனியா தன் ஐந்து குரோன் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. இந்த வாழ்க்கையை வீண் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதைக் கேட்டதும் பையன் துள்ளி எழுந்துவிடுவான் என்று நான் நினைக்கவில்லை. அவனுடைய வலி நிஜமானது, கொஞ்ச நாள் இருக்கட்டும். ஆனால் வீட்டில் ஒன்றைச் செய்யலாம். “எப்போது சாம்பியன்?” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு அவன் பதில் சொல்லும்படி விடாதீர்கள், நீங்களே முந்திக்கொண்டு பேச்சை முடித்துவிடுங்கள். அவன் அப்பாவும் செலவுக் கணக்கை அவன் காதில் விழப் பேச வேண்டாம்.

கிராண்ட்மாஸ்டர் ஆக அவனுக்கு இன்னும் இரண்டு நார்ம், 2500 ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் தரப்புள்ளி) தேவை. சுலபம் இல்லை, ஆனால் எட்டாத தூரமும் இல்லை. கல்லூரிப் படிப்பை விடாமல் அதற்கு முயலட்டும். முயன்ற பிறகு, செஸ்ஸில் மனசு இல்லை என்று அவனே சொன்னால், சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். குகேஷைக் காரணம் காட்டி செஸ்ஸை விடுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த போட்டிக்குப் போய் வந்தால், எத்தனை புள்ளி என்று கேட்காமல், எந்த ஆட்டம் பிடித்தது என்று கேட்டு, அதை ஆடிக் காட்டச் சொல்லுங்கள்.