வீட்டுக்கு ஸ்குவாட் ராக் வாங்குமுன்: கேள்விகளும் பதில்களும்

நான் மலேசியாவில் பட்டர்வொர்த்காரன். பிரையில் ஓர் இரும்புப் பட்டறையில் 18 வருடம் வெல்டிங் செய்தவன். வேலை முடிந்து வந்தால் வீட்டுக் கார் போர்ச்சில் ஸ்குவாட், அதாவது எடை ஏற்றிய நீள இரும்புக் கம்பியைத் (பார்) தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி. பாரின் இரு முனையிலும் மாட்டும் எடை வட்டுதான் பிளேட். பாரைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம்தான் ராக். ராக் பற்றி நண்பர்கள் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செராஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கையில் 800 வெள்ளி இருக்கிறது. தனித்தனியாக நிற்கும் இரண்டு ஸ்டாண்ட் மலிவாகக் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தில் பிளேட் வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஸ்டாண்ட் பாரை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். கீழே உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கிக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. களைத்துப்போய்ப் பாரைத் திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் இடித்தால் அந்த ஸ்டாண்ட் மட்டும் நகர்ந்துவிடும், பார் சாய்ந்துவிடும். ராக்குக்குக் கொடுக்கும் காசு, விழும் பாரைப் பிடிக்கும் இரண்டு சேஃப்டி பாருக்காகத்தான் என்று நினைத்துக்கொள். பிளேட்டை மெதுவாகச் சேர்க்கலாம்.

நான்கு தூண் கூண்டு ராக் புதிதாக வாங்கக் காசு பற்றவில்லை என்றால் பழையது தேடு. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆசையாக வாங்கி, அப்புறம் மூலையில் போட்டவர்கள் உண்டு. நேரில் போய்ப் பார். சேஃப்டி பார் இரண்டும் இருக்கிறதா? உருண்டைக் கம்பியாக இருந்தால் தரையில் உருட்டு, வளைந்திருந்தால் தள்ளாடும். தூணில் உள்ள துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழைபோல வெடித்திருக்கிறதா? அந்தக் கடைசி அடையாளம் இருந்தால் விலைகூடக் கேட்காமல் திரும்பி வா.

செந்தூலிலிருந்து ஒருவர்: விளம்பரத்தில் 500 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நான் தூக்குவது 100 கிலோதான். போதாதா?

அசையாமல் வைத்த எடைக்கு அந்தக் கணக்கு சரி. விழும் எடைக்குக் கணக்கே வேறு. 100 கிலோ பார் 20 சென்டிமீட்டர் விழுந்து, சேஃப்டி பாரில் மோதி, 2 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் சராசரியாக 1,100 கிலோவுக்குச் சமமான விசை இறங்குகிறது. பாரை மாட்டிவைக்கும் ஹூக்கில் எவ்வளவு நிற்கும் என்பதை விட்டுவிட்டு, சேஃப்டி பார் என்ன கம்பி, எதில் மாட்டுகிறது என்று கேளுங்கள். எனக்கே ஒருமுறை 140 கிலோவில் பாதி வழியில் முதுகு மடங்கிவிட்டது. சேஃப்டி பார் 3 சென்டிமீட்டர் கீழேதான் இருந்தது. பார் அதில் உட்கார்ந்தது, நான் கீழே நழுவி வெளியே வந்தேன். உயரமாக விழ விடாததால் கம்பியில் கீறல் மட்டும்தான்.

விளம்பரத்தை நம்புவதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன்: ராக்கின் சொந்த எடையைக் கேளுங்கள். 50க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள சதுரக் குழாய் ஒரு மீட்டருக்கு 3 கிலோ வரும். 2.1 மீட்டர் தூண் நான்குக்கே 25 கிலோ ஆகிறது. குறுக்குச் சட்டங்களைச் சேர்த்தால் 50 கிலோவைத் தொடும். நான்கு தூண் ராக், மொத்தம் 30 கிலோ என்று போட்டிருந்தால் இரும்பு எங்கே குறைந்தது என்று நீங்களே கணக்குப் போடலாம். 75க்கு 75, 3 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 6.8 கிலோ, வசதி இருந்தால் அதுதான் என் தேர்வு. வீட்டில் 100 கிலோவுக்குள் தூக்குபவருக்கு 60க்கு 60, 2 மில்லிமீட்டர் போதும்.

செகாம்புட்டில் 14ஆவது மாடிக் கொண்டோவிலிருந்து: தளம் தாங்குமா? அறை பத்தடிக்குப் பதினோரடி.

வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பார்கள். நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ராக் 80, பிளேட்டும் பாரும் 150, நீங்கள் 80: மொத்தம் 310 கிலோ. அந்தப் பலகையில் பரவி நின்றால் கணக்குக்குள் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு, மேலே ரப்பர் விரிப்பு. ராக்கைப் பலகையிலேயே போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். மேனேஜ்மெண்ட் அனுமதி இல்லாமல் காங்கிரீட்டைத் துளைக்காதீர்கள், உள்ளே குழாயோ இழுவிசைக் கம்பியோ ஓடலாம். பால்கனியில் வைக்கவே வேண்டாம். பாரைக் கீழே போடவும் வேண்டாம், கீழ்வீட்டில் குழந்தை தூங்கும்.

ஒலிம்பிக் பார் நீளம் 2.2 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர், ஆக இரு பக்கமும் 40 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பிளேட் மாட்ட இடம் நெருக்கும், அதனால் பதினோரடிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். பாரைத் தலைக்கு மேல் தூக்கும்போது பெரிய பிளேட்டின் விளிம்பு பாருக்கு மேலே இன்னும் 22.5 சென்டிமீட்டர் போகும். மின்விசிறி சுற்றும் இடத்தில் ராக் வரக்கூடாது.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்: பலகைத் தளம்தான், வைக்கலாமா?

கூடாது. அந்த உத்திரங்கள் எத்தனை வருடக் கரையானையும் ஈரத்தையும் பார்த்தவையோ! டம்பெல் போதும். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: நான் 152 சென்டிமீட்டர். சேஃப்டி பாரை எந்த உயரத்தில் வைப்பது?

வெறும் பாரோடு முழுக்க உட்கார்ந்து பாரும்மா. பார் நிற்கும் இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே உள்ள துளைதான் உனக்கு. அதற்கும் மேலே இருந்தால் ஒவ்வொரு முறையும் இடிக்கும். ரொம்பக் கீழே இருந்தால் முதுகை வளைத்துத்தான் பாரை இறக்க முடியும். வாங்குமுன் சேஃப்டி பாரை எவ்வளவு கீழே இறக்க முடியும் என்று கேள். உயரமானவர்களுக்கு அளவெடுத்த ராக்கில் உன் உயரத்துக்குத் துளையே இருக்காது. துளைகள் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் உனக்குத் தோதான உயரம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நெருக்கமான துளை உள்ளதைத் தேடு. பாரை மாட்டும் ஹூக் நடு நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், நுனிக்காலில் நின்று எடுக்கக்கூடாது.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சுவரை இறக்கி ஏற்றும் பெஞ்ச் பிரஸ்ஸில்தான் அதிகக் கவனம் வேண்டும். நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் பார் சேஃப்டிக்குச் சற்று மேலே நெஞ்சைத் தொட வேண்டும். முதுகைத் தளர்த்தி நெஞ்சு இறங்கியதும் பார் சேஃப்டியில் உட்கார வேண்டும், கழுத்தில் அல்ல. வெறும் பாரில் பத்து முறை செய்து பார்த்துவிட்டு எடை ஏற்று.

பினாங்கிலிருந்து: வெல்டிங் கடையில் செய்து வாங்கினால் மலிவா?

இது என் தொழில், மனம் விட்டுச் சொல்கிறேன். நல்ல கைக்காரர் கிடைத்தால் கனமான ராக்கை நியாயமான விலைக்குச் செய்யலாம். ஆனால் கேட் செய்பவர் கேட் மாதிரிதான் செய்வார். துளையை டார்ச்சால் ஊதாமல் டிரில்லில் போடச் சொல்லுங்கள். ஒரே அச்சு வைத்து நான்கு தூணும் போட வேண்டும், இல்லாவிட்டால் பார் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். போல்ட் 16 மில்லிமீட்டர், தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்தது. சேஃப்டிக்கு உள்ளே கெட்டியான 25 மில்லிமீட்டர் கம்பி, தூணின் இரண்டு சுவரையும் கடந்து போக வேண்டும். ஒரே சுவரில் ஒட்டிய கொக்கியை நான் எடைக்கு நம்ப மாட்டேன். முடிந்ததும் உங்கள் உச்ச எடையைவிட அதிகமாக ஏற்றி, அடியில் யாரும் இல்லாமல் ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

காஜாங்கிலிருந்து ஓர் அம்மா: 16 வயது மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூக்குகிறான். பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அக்கா, ஆனால் தடுக்காதீர்கள், நல்ல பழக்கம். கதவு திறந்திருக்கட்டும். சேஃப்டி பார் இல்லாமல் பெஞ்ச் பிரஸ் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிளேட் கழற்றும்போது ஒரே பக்கம் எல்லாவற்றையும் உருவக்கூடாது, மாற்றி மாற்றிக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பார் தூக்கியடிக்கும். ஒரு நாள் கூடவே நின்று, வெறும் பாரை வேண்டுமென்றே சேஃப்டியில் இறக்கிவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். அதைக் கூச்சமில்லாமல் செய்தான் என்றால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து: கடற்காற்றில் துரு பிடிக்கிறது.

துளைக்குள்ளும் தூணின் அடியிலும்தான் முதலில் பிடிக்கும், அங்கே பாருங்கள். துருவைத் தேய்த்துவிட்டு பிரைமர் அடித்துப் பெயிண்ட் பூசுங்கள். பாரை நைலான் பிரஷால் தேய்த்து, தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். எங்கள் பக்கத்தில் மாதம் ஒருமுறை போதும், உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும்.