நம்ம நிறத்தில் நோய் எப்படித் தெரியும்? மும்பை தோல் டாக்டரிடம் கேள்வி பதில்

செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர் மும்பையில் பிராக்டிஸ் செய்யும் திருநெல்வேலிக்காரர்.

டாக்டர், என் பொண்ணுக்குக் கரப்பான்னு சந்தேகம். நெட்ல பார்த்தா சிவப்புத் திட்டுன்னு இருக்கு, இவளுக்குச் சிவப்பே இல்லையே? – செல்வி, செம்பூர்

நெட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்கள்மா. நம் நிறத்தில் அதே அழற்சி ஊதாவாக, சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் தெரியும். டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், பகலில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலோடு ஒப்பிட்டு, விரலால் தடவுங்கள். சொரசொரப்பு, தடிப்பு, சூடு கையில் தட்டுப்படும். முழங்கை மடிப்பையும் முழங்கால் பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். "சிவக்கலையே" என்று விட்டுவிட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

முடி எடுக்கப் போன லேசர் சென்டர்ல "நீங்க டைப் ஃபைவ்"னாங்க. அப்படின்னா? – முருகன், தாராவி

வெயில் பட்டால் தோல் எப்படி மாறும் என்பதை வைத்துத் தோலை வகை பிரிக்க, அமெரிக்க டாக்டர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் போட்ட கணக்கு, தம்பி. சொரியாசிஸுக்கு மாத்திரை கொடுத்து ஒளி காட்டும் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு ஒளி தாங்கும் என்று பார்க்க வந்தது. முதலில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் நாலு வகை. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்தும் ஆறும் பிறகு சேர்த்தது. உலகத்தில் எத்தனையோ பேரை இரண்டே டப்பாவில் அடைத்தாயிற்று! நம்மவர்கள் பெரும்பாலும் நாலு முதல் ஆறு.

லேசருக்கு அது முக்கியம். நிறம் தரும் மெலனின் அதிகமுள்ள தோல், முடிக்குப் போகும் ஒளியைத் தானே வாங்கிச் சுட்டுக்கொள்ளும். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் என்ற லேசர் வகை நமக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. அந்த மெஷினா என்று கேளுங்கள். முதலில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்ல கொடுத்த படர்தாமரை க்ரீம் போட்டா குறையுது, திரும்ப வருது.

ட்யூபைப் படியுங்கள். குளோபீட்டசால் இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். டாக்டரைப் பாருங்கள்.

மெடிக்கல் படிக்கிறேன் மேடம். இந்த நிறப் பிரச்சினை அமெரிக்காவோடதுதானே? – கார்த்திக், மாட்டுங்கா

கறுப்பின டாக்டர் பற்றாக்குறை அவர்களுடையது. அங்கே மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் கறுப்பினத்தவர், தோல் டாக்டர்களில் 3 சதவீதம்தான் என்று 2016-இல் எழுதினார்கள். நம் வார்டில் டாக்டரும் நோயாளியும் ஒரே நிறம். ஆனால் நாம் புரட்டும் பாடநூல் அவர்களுடையதாயிற்றே, படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான்! 2020-இல் லண்டனில் மலோன் முக்வென்டே என்ற மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே கொண்டுவந்தார். நீங்களும் உங்கள் ஓ.பி.யில் வருவதை, நோயாளியிடம் அனுமதி கேட்டு, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள்.

கறுப்பா இருந்தா தோல் புற்றுநோய் வராதாமே?

குறைவு, வராது என்றில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-இல் இறந்தது கால் விரலில் தொடங்கிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயால். நம் நிறத்தில் மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம், வெயில் படாத இடங்கள். நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்குச் சகஜம். ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமானால், அல்லது பாதத்தில் புண் ஆறாமல் இருந்தால், காட்டிவிடுங்கள்.