டாக்டர் படிப்புக்காக வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் கிரேடு 11. கணக்கும் ஃபிசிக்கல் சயின்ஸும் நன்றாக வருகிறது. ஆனாலும் டர்பனில் மருத்துவ இடம் கிடைப்பது சந்தேகம். "இங்கே கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பு, வீட்டின் மேல் கடன் எடு" என்கிறார் தாய்மாமா. மகளோ கடல் உயிர்களிலிருந்து மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். "வலை இழுத்துப் பிழைத்த குடும்பம், பேத்தியும் கடலுக்கே போவதா?" என்று ஆயா அழுகிறாராம்.

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் மாமா சொல்வது சரியில்லை. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருபவர்கள் இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் தேர்வில் தேற வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், ஓராண்டு சமூக சேவை. அந்த இடங்களுக்கே எத்தனை இளம் டாக்டர்கள் காத்திருக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அத்தனை வருடமும் வட்டி கட்டப் போவது நீங்கள். படிக்கப் போவது விருப்பமில்லாத ஒரு பெண். மாமா இரண்டிலும் இல்லை.

பார்மசி, இன்ஜினியரிங், அக்கவுண்டிங் பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கும். நான் மகள் கேட்டதைப் பேசுகிறேன்.

கடற்பஞ்சு கடலடியில் ஒட்டிக்கொண்டே வாழும் ஒரு விலங்கு. அது ஓடித் தப்பிக்காது, கடிக்காது. தன்னைத் தின்ன வருவதை விரட்ட அது பெரும்பாலும் நம்பியிருப்பது நஞ்சைத்தான். அப்படிப்பட்ட உயிர்களிடம்தான் மருந்து தேடுகிறார்கள். ரத்தப் புற்றுக்குத் தரும் சைட்டராபின், கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட பொருளைப் பார்த்து உருவானது; 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வந்த சிக்கோனோடைடு, மற்ற மருந்துகள் கைகொடுக்காத கடும் வலிக்கானது. 2004இல் அனுமதி. அந்த விஷத்தை ஆராய்ந்த பால்டொமெரோ ஒலிவேரா பிலிப்பீன்ஸ்காரர். ஊர் திரும்பியபோது டிஎன்ஏ ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் இல்லை. அதனால் அங்கே எளிதாகக் கிடைத்த நத்தையைக் கையில் எடுத்தார்.

நம் கடலும் சும்மா இல்லை. அல்கோவா விரிகுடாவிலும் சிட்சிகாமா பக்கமும் வளரும் கடற்பஞ்சுகளில் புற்றுச் செல்களைக் கொல்லும் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. மக்காண்டாவில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகம் பல வருடமாக அவற்றை ஆராய்கிறது. அவற்றில் எதுவும் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வேலை எப்படி இருக்கும்? அனுமதி வாங்கி, முக்குளித்து, கொஞ்சம் மாதிரி எடுப்பார்கள். அதை ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, சாற்றைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் செல்கள் மேலும் கிருமிகள் மேலும் சோதிப்பார்கள். எந்தப் பங்கு வேலை செய்கிறதோ அதை மறுபடி பிரிப்பார்கள். கடைசியில் சில மில்லிகிராம் மிஞ்சும். என்எம்ஆர் கருவியில் வைத்து அதன் மூலக்கூறு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்த பிறகு, அது வேறொருவர் ஏற்கெனவே எழுதிவைத்த பொருள் என்று தெரியவரலாம். புதியதாகவே இருந்தாலும் மருந்துக்காகக் கடலைக் காலி செய்ய முடியாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் வழி வேண்டும். மார்பகப் புற்றுக்கான எரிபுலின் அப்படித்தான் வந்தது. ஜப்பானியக் கடற்பஞ்சில் கண்ட பெரிய மூலக்கூறின் ஒரு பாதியைச் செயற்கையாகச் செய்து, 2010இல் மருந்தாக்கினார்கள்.

ஆகவே கடலில் இருக்கும் நாள் குறைவு, குடுவையோடு இருக்கும் நாள்தான் அதிகம். இதை மகளிடம் சொல்லுங்கள். கேட்டபிறகும் முகம் வாடவில்லை என்றால் தடுக்காதீர்கள்.

வழி இதுதான். முதலில், யார் சொன்னாலும் கணக்கை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக உள்ள எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாற வேண்டாம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியலும் உயிர்வேதியியலும் எடுத்து பிஎஸ்சி மூன்று ஆண்டு, வீட்டிலிருந்தே போய்வரலாம். அப்புறம் ஹானர்ஸ் ஓராண்டு, எம்எஸ்சி, முனைவர் பட்டம். மேல்படிப்புக்கு ரோட்ஸ் போகலாம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் கெல்லி சிபாலே 2010இல் தொடங்கிய எச்3டி மையமும் இருக்கிறது. அங்கே மலேரியாவுக்கும் காசநோய்க்கும் புது மருந்து தேடுகிறார்கள். நிரந்தர ஆராய்ச்சி வேலை குறைவு, முப்பது வயதுவரை பெரிய சம்பளம் வராது. ஆனால் என்எம்ஆரும் பகுப்பாய்வும் கைவந்தவர்களுக்கு மருந்துத் தொழிற்சாலைகளின் தரப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை உண்டு.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் பிஎஸ்சிக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஹானர்ஸுக்கு அது கிடையாது. ஹானர்ஸுக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும் தேசிய ஆராய்ச்சி அமைப்பான என்ஆர்எஃப் தரும் உதவித்தொகை இருக்கிறது, போட்டியும் இருக்கிறது. சிக்கல் வரக்கூடியது அந்த நான்காவது வருடத்தில்தான். கடன் எடுக்கும் யோசனையை விட்டுவிட்டு, மாதம் முடிந்த அளவு அந்த ஒரு வருடத்துக்கு இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.