வேற்றுக்கிரக இனங்கள், படைப்பிரிவுகள், கேனன்: கேட்டவை கேட்டபடி

அறிபுனை வீடியோ கேம்களில் வரும் வேற்றுக்கிரகவாசிகள், ராணுவப் பிரிவுகள், எது அதிகாரபூர்வக் கதை (கேனன்), எது இல்லை என்பது பற்றி மட்டும் கேளுங்கள். முன்கூட்டியே இரண்டு விஷயம். "இவரும் அவரும் மோதினால் யார் ஜெயிப்பார்" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. "விக்கியில் போட்டிருக்கிறதே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்த விளையாட்டு, எந்த நாவல், எந்த வருடம் என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒற்றைக் குதிரை: அண்ணே, ஹேலோவில் ஸ்பார்ட்டன்-2, 3, 4, ஓடிஎஸ்டி என்று ஏகப்பட்டது வருகிறது. எல்லாம் ஒரே படைதானே?

இல்லவே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடிஎஸ்டி என்பது யூஎன்எஸ்சி, அதாவது ஹேலோ கதையில் மனிதர்களின் ராணுவம், அதன் மரைன் படையின் அதிரடிப் பிரிவு. ஆளுக்கு ஒரு பாட். அதற்குள் உட்கார்ந்து, சுற்றுப்பாதையில் நிற்கும் கப்பலிலிருந்து நேராகக் கிரகத்தின் மேல் விழுவார்கள். உடம்பில் எந்த மாற்றமும் செய்யப்படாத சாதாரண மனிதர்கள்.

ஸ்பார்ட்டன் என்றால் உடலை மேம்படுத்திய சிறப்புச் சிப்பாய். அதில் ஸ்பார்ட்டன்-2 கடற்படையின் கீழ் வருகிறவர்கள். நாயகனை எல்லோரும் அழைக்கும் "மாஸ்டர் சீஃப்" கடற்படைப் பதவிதான், இயற்பெயர் ஜான். 2001-ல் வந்த 'தி ஃபால் ஆஃப் ரீச்' நாவல் சொல்லும் கணக்கு இது: 2517-ல் 75 குழந்தைகளைக் கடத்துகிறார்கள், எல்லோருக்கும் ஆறு வயது. வீட்டில் சந்தேகம் வராமல் இருக்க அவர்கள் இடத்தில் குளோன் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள். 2525-ல் உடலை மேம்படுத்தும் அறுவை சிகிச்சை. 30 பேர் செத்துப்போனார்கள், 12 பேர் களத்துக்கு லாயக்கில்லாமல் முடங்கினார்கள், தேறியவர்கள் 33 பேர். ஹீரோ கதை என்று கொண்டாடுகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பார்ட்டன்-3 அதைவிட மலிவான திட்டம். கவனன்ட் என்ற ஏலியன் கூட்டணியோடு நடந்த போரில் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்து, கவசத்திலும் செலவைக் குறைத்து, திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பினார்கள். ஆல்ஃபா கம்பெனி, பீட்டா கம்பெனி என்ற இரண்டு படைப்பிரிவுகளும் அப்படித்தான் அழிந்தன. பிறகு 'ஹேலோ: ரீச்' (2010) வந்தபோது நோபிள் அணியில் இந்த ஆட்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. திறமையான சிலரை முன்கூட்டியே வேறு வேலைக்குப் பிரித்து எடுத்துவிட்டார்கள் என்று கதையில் இடம் ஒதுக்கினார்கள்.

அந்த அணியின் எண்களைக் கவனியுங்கள். கார்ட்டர் ஏ259, கேட் பி320, நீங்கள் ஆடும் ஆறாம் ஆள் பி312. எழுத்து கம்பெனியைக் குறிக்கிறது: ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பீட்டா. ஜார்ஜுக்கு மட்டும் வெறும் 052, எழுத்தே இல்லை. ஏனென்றால் அந்த அணியில் அவர் ஒருவர்தான் ஸ்பார்ட்டன்-2. வசனத்தில் யாரும் சொல்லாவிட்டாலும் எண் சொல்லிவிடுகிறது.

ஸ்பார்ட்டன்-4 போருக்குப் பிறகு வந்த திட்டம். வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர்கள், தனிப் படைப்பிரிவு. ஓடிஎஸ்டியில் இருந்த பக், 'ஹேலோ 5'-ல் ஸ்பார்ட்டனாக வருவது இந்த வழியில்தான்.

வெடிகுண்டு: மாஸ்டர் சீஃபும் மாஸ் எஃபெக்ட் நாயகர் கமாண்டர் ஷெப்பர்டும் மோதினால்?

மேலே முதல் பத்தி.

சிவப்புக் கண்ணாடி: கில்ஸோனில் வரும் ஹெல்காஸ்ட், கியர்ஸ் ஆஃப் வாரில் வரும் லோகஸ்ட், இவர்கள் எந்தக் கிரகத்து ஏலியன்கள்?

ரெண்டு பேருமே ஏலியன்கள் இல்லை. ஹெல்காஸ்ட் மனிதர்கள்தான், ஹெல்கன் கிரகத்துக் காற்றும் தலைமுறைகளும் அவர்களை மாற்றிவிட்டன. லோகஸ்டின் மூலமும் மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுக்கூடச் சோதனைதான். 'கியர்ஸ் 5' (2019) அதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டது.

தோட்டா கணக்கர்: மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்தில் தோட்டா தீரவே தீராது. இரண்டாம் பாகத்தில் தெர்மல் கிளிப் பொறுக்கிக்கொண்டே அலைகிறோம். இதற்குக் கதையில் காரணம் உண்டா, சும்மா மாற்றிவிட்டார்களா?

நல்ல கேள்வி. காரணம் உண்டு, ஆனால் அதில் ஓட்டையும் உண்டு.

இந்த உலகத்துத் துப்பாக்கி ஓர் உலோகக் கட்டியிலிருந்து மணல் அளவுத் துணுக்கைச் சீவி எடுத்துச் சுடும். ஒரு கட்டி ஆயிரக்கணக்கான ரவுண்டுக்கு வரும் என்பதால் தோட்டா ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை சூடு. முதல் பாகத்தில் (2007) துப்பாக்கி காய்ந்துபோனால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தின் (2010) கோடெக்ஸ், அதாவது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் தகவல் தொகுப்பு, சொல்வது: கெத் இயந்திரங்களோடு நடந்த சண்டையில், அதிக ரவுண்டு சுடுகிற பக்கமே ஜெயிக்கிறது என்று புரிந்தது, அதனால் சூட்டை உறிஞ்சிக்கொண்டு வெளியே விழும் கிளிப்புகளுக்கு எல்லாப் படைகளும் மாறின. இரண்டே வருடத்தில் விண்மீன் மண்டலம் முழுக்க.

சரி என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஷெப்பர்டின் அணியில் உள்ள ஜேக்கப்பின் தனிப்பணிக்குப் போங்கள். 'ஹியூகோ கெர்ன்ஸ்பேக்' என்ற கப்பல் பத்து வருடத்துக்கு முன்பே விழுந்து நொறுங்கி, வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடக்கிறது. அந்த இடத்தில் தரையெங்கும் தெர்மல் கிளிப்! கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு வருடம் முன்பே யார் கொண்டுவந்து போட்டார்கள்?

யாரும் போடவில்லை. ஆடுகிறவர் கையில் தோட்டா இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆட்ட வசதிக்காக வைத்ததைக் கேனன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஹேலோவில் ஹன்டர் என்ற எதிரி இனத்தவரின் முதுகில் தெரியும் ஆரஞ்சுச் சதையில் பிஸ்டலால் ஒரே ஒரு முறை சுட்டால் ஆள் காலி. கதையிலோ அவர்கள் டாங்கி மாதிரி நகரும் ஜீவன்கள். இதை வைத்து "ஹன்டர் பலவீனமான இனம்" என்று இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். பதில் இதேதான்.

மீன்குஞ்சு: மாஸ் எஃபெக்டில் க்ரோகன் இனத்தை ஜெனோஃபேஜ் என்ற உயிரி ஆயுதம் மலடாக்கிவிட்டது இல்லையா?

மலடாக்கவில்லை. கருத்தரிப்பார்கள், ஆயிரத்தில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். கொடூரம் அங்கேதான் இருக்கிறது. உருவாக்கியது சலாரியன் இனம், பிரயோகித்தது டூரியன் இனம். ராக்னி என்ற பூச்சி இனத்தை அடக்க க்ரோகன்களைத் தூக்கிவிட்டதும் அதே சலாரியன்கள்தான்.

பேட்ஜ் பிரியன்: ஷெப்பர்டின் கவசத்தில் என்7 இருக்கிறது. என்6, என்5 போட்டவர்களை ஏன் பார்ப்பதில்லை? என்7-ம் ஸ்பெக்டரும் ஒன்றா?

என் என்பது சிறப்புப் படை, எண் தேர்ச்சி நிலை. சீருடையில் அணிந்துகொள்ள அனுமதி உள்ள ஒரே நிலை 7. கீழ்நிலைகள் கோப்பில் மட்டும். ஸ்பெக்டர் வேறு: அது மனிதப் படையைச் சேர்ந்ததல்ல, பல இனங்களுக்கும் பொதுவான சிட்டடல் கவுன்சிலின் நேரடி ஏஜென்ட்.

வளையக்காரன்: ஹேலோ வளையங்களைக் கட்டிய பழங்கால இனமான ஃபோர்ரன்னர்கள் மனிதர்கள்தான். ஹேலோ 3-ல் வளையத்தைக் காக்கும் இயந்திரமான கில்ட்டி ஸ்பார்க்கே மாஸ்டர் சீஃபைப் பார்த்து அப்படிச் சொல்கிறது. இதையும் இல்லை என்று சொல்லப்போகிறீர்களா?

வந்துவிட்டீர்களா! எந்தத் தேதிக்குக் கேட்கிறீர்கள்? இன்றைய கேனனில் இருவரும் தனித்தனி இனம். கிரெக் பேர் எழுதிய 'கிரிப்டம்' (2011) தொடங்கிவைத்த நாவல் வரிசையில், பழங்கால மனிதர்கள் ஃபோர்ரன்னர்களோடு போரிட்டுத் தோற்று, நாகரிகம் பறிக்கப்பட்டுக் கீழே தள்ளப்பட்டவர்கள். 'ஹேலோ 4'-ல் (2012) லைப்ரேரியன் என்ற ஃபோர்ரன்னர் பெண் இதையே மாஸ்டர் சீஃபிடம் நேரில் சொல்கிறாள்.

வளையக்காரன்: அது 343 நிறுவனம் கைக்கு வந்தபின் செய்த மாற்றம். ஹேலோவை முதலில் உருவாக்கிய பங்கி நிறுவனம் இருந்தபோது அப்படி இல்லை. ஜோசப் ஸ்டேட்டன் எழுதிய 'கான்டாக்ட் ஹார்வெஸ்ட்' (2007) படித்தீர்களா?

படித்தேன். அதில் மென்டிகன்ட் பயஸ் என்ற ஃபோர்ரன்னர் செயற்கை அறிவு மனிதர்களைத் தன்னைப் படைத்தவர்கள் என்கிறது, கவனன்ட் தலைவர்கள் அரண்டுபோகிறார்கள். உங்கள் கட்சிக்கு அதுதான் ஆகச் சிறந்த சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே 2007-ல் வந்த ஹேலோ 3-ன் டெர்மினல்களில் (ஆட்டத்துக்குள் படிக்கக் கிடைக்கும் பதிவுகளில்) லைப்ரேரியன் பூமியில் வாழும் உயிர்களைப் பற்றி எழுதுகிறாள். தன் சொந்த இனத்தைப் பற்றி எழுதுகிற மாதிரியா இருக்கிறது? இல்லை. காப்பாற்றப்பட வேண்டிய வேறு ஓர் இனத்தைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கிறது. பங்கி காலத்திலேயே இரண்டு பக்கமும் சாட்சி இருந்தது.

மெத்தேன் தொட்டி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கில்ட்டி ஸ்பார்க் லட்சம் வருடம் தனியாகக் கிடந்து மூளை குழம்பிய இயந்திரம். அதன் பேச்சை எடுத்துக்கொள்ளலாமா?

குழம்பியது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், இங்கேதான் சுவாரசியமே. 'பிரைமோர்டியம்' (2012) நாவலின் கடைசியில் ஓர் உண்மை வெளிவருகிறது: கில்ட்டி ஸ்பார்க் ஒருகாலத்தில் மனிதன், பெயர் சாக்காஸ். அவன் மனத்தை எடுத்துத்தான் அந்த இயந்திரத்தில் வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஹேலோ 3-ன் கடைசிக் கட்டத்தை மறுபடி பாருங்கள். தான் யார் என்பதையே தொலைத்த மனிதன் ஒருவன், எதிரே நிற்கும் மனிதனைத் தன் எஜமானன் என்று அழைக்கிறான். எழுதியபோது நினைத்திராத ஆழம், ஐந்து வருடம் கழித்து வந்த புத்தகத்தால் அந்தக் காட்சிக்குக் கிடைத்திருக்கிறது. ரெட்கான், அதாவது பின்னால் வந்து முன்கதையைத் திருத்துவது, எப்போதும் கெட்டது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

வளையக்காரன்: நினைத்திராத ஆழம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் முதலில் நினைத்தது நான் சொன்னதுதானே?

2007-ல் அந்த வசனத்தை எழுதியவர்கள் அதை அப்படியே நேராகத்தான் எழுதினார்கள் என்று நானும் நினைக்கிறேன். உங்கள் கேள்வி "அன்று என்ன நினைத்தார்கள்". மற்றவர்கள் கேட்பது "இன்று எது செல்லும்". இரண்டு வெவ்வேறு கேள்விக்கு ஒரே பதில் வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

மெத்தேன் தொட்டி: அப்போ ரீச் விஷயம்? நாவலில் 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பல் விண்வெளியில் இருக்கிறது, விளையாட்டில் தரையில் நிற்கிறது. எது செல்லும்?

விளையாட்டு. நாவலை 2010-ல் மறுபதிப்பு செய்தபோது சிலவற்றைத் திருத்தினார்கள், எல்லாம் ஒட்டவில்லை. விளையாட்டும் நாவலும் முட்டினால் பெரும்பாலும் விளையாட்டுதான் நிற்கும்.

தோட்டா கணக்கர்: ஹேலோ அல்லாத கேள்விகள் எல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றன...

நியாயம். ஹேலோவை இத்துடன் நிறுத்துகிறேன்.

புது வரவு: ஹேலோ டிவி தொடர் கேனனா?

தனிக் காலவரிசை. "சில்வர் டைம்லைன்" என்று தயாரித்தவர்களே அறிவித்துவிட்டார்கள். நிறுத்துகிறேன் என்று இப்போதுதான் சொன்னேன்.

கறுப்புப் பெட்டி: மாஸ் எஃபெக்ட் மாதிரி நம் முடிவுகளால் கதை மாறும் விளையாட்டில் எது கேனன்?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா' (2017) பிரச்சினையிலிருந்து தப்பி ஓடியது: மூன்றாம் பாகத்துக்கு முன்பே, 2185-ல் கிளம்பி, வேறு விண்மீன் மண்டலத்துக்கே போய்விட்டார்கள். க்ரோகன்களை நீங்கள் குணப்படுத்தினீர்களா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கெட்டிக்காரத்தனம், ஆனால் கொஞ்சம் கோழைத்தனமும்கூட.

எனக்குப் பிடித்தது 'எக்ஸ்காம் 2' (2016). முதல் ஆட்டத்தில் நீங்கள் தோற்றதுதான் கேனன் என்று முகத்தில் அடித்தார்கள். 20 வருடமாக ஏலியன்கள் பூமியை ஆள்கிறார்கள். முதல் ஆட்டத்தில் குட்டையாகத் திரிந்த செக்டாய்டு என்ற ஏலியன் மனித மரபணு கலந்து நெடுநெடுவென்று நிற்கிறது. சூட் போட்டு மனித வேடத்தில் வந்த தின் மேன், வேடத்தைக் களைந்து வைப்பர் பாம்பாக வருகிறது. இனத்தின் உடம்பிலேயே தோல்வியின் கதையை எழுதியிருக்கிறார்கள். வசனம் தேவையே இல்லை.

வெடிகுண்டு: ஸ்டார்கிராஃப்டின் ஜெர்க் இனமும் வார்ஹாமரின் டைரனிட் இனமும் மோதினால்?

உங்களுக்குச் சலிக்கவில்லையா?

நான்காம் கப்பல்: ஸ்டார்கிராஃப்ட் மரைன்கள் எல்லாரும் கைதிகள் என்கிறார்கள். உண்மையா?

எல்லாரும் இல்லை, கணிசமானவர்கள். குற்றவாளிகளின் மூளையைத் திருத்தி, விசுவாசமான சிப்பாயாக்கி அனுப்புகிறார்கள். இதில் ஒரு பரம்பரைப் பொருத்தமும் உண்டு: அந்தப் பகுதியில் வாழும் டெர்ரன்கள் எனப்படும் மனிதர்களே, பூமியிலிருந்து நாலு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட 40,000 கைதிகளின் வழிவந்தவர்கள். 1998 விளையாட்டோடு வந்த கையேட்டைப் படியுங்கள், அருமையான வாசிப்பு.

நான்காம் கப்பல்: ஜெர்க் இனத்தை இயக்கும் மூளையான ஓவர்மைண்ட் நல்லவனா கெட்டவனா?

1998-ல் அண்டத்தையே விழுங்கத் துடித்த பசி. 2010-ல், ஜெராட்டுல் என்ற பாத்திரத்தின் தரிசனங்கள் வழியாக, பாவம், அடிமை. ரெட்கானில் நல்லதும் உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, இது அந்தப் பட்டியலில் இல்லை. அச்சமூட்டிய ஒன்றுக்கு அனுதாபம் தேடிக்கொடுத்து அச்சத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

ரத்தக் காகம்: மேசை விளையாட்டான வார்ஹாமர் 40,000-ல் கேனன் எப்படி?

அது தனிக் கடல், அதற்குள் இன்று இறங்கமாட்டேன். ஒன்று மட்டும்: பிளட் ரேவன்ஸ் அணியை உருவாக்கியது 'டான் ஆஃப் வார்' (2004) வீடியோ கேம். அங்கிருந்துதான் அது மேசை விளையாட்டுக்குள் போனது.

கிராஃபிக்ஸ் ராஜா: இதையெல்லாம் ஓட்ட எந்த கார்டு வாங்கலாம்?

வன்பொருள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கறுப்புப் பெட்டி: கடைசியாக ஒன்று. ஹாஃப்-லைஃபின் 'ஆப்போசிங் ஃபோர்ஸ்' கேனனா?

1999-ல் கியர்பாக்ஸ் செய்தது. எச்இசியூ என்ற ராணுவப் பிரிவின் வீரன் கார்ப்பரல் ஏட்ரியன் ஷெப்பர்ட் பக்கமிருந்து, முதல் பாகத்தில் நடக்கும் அதே பேரழிவைப் பார்க்கலாம். 'ஹாஃப்-லைஃப் 2'-ல் அவனும் இல்லை, அதில் வந்த ரேஸ் எக்ஸ் என்ற இனமும் இல்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து வார்ட்டிகான்ட் என்ற ஏலியன் இனத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அவர்கள் அடிமைகளாக இருந்தார்கள் என்பதற்கு மூல விளையாட்டே போதும்: முதல் பாகத்தில் கழுத்திலும் கையிலும் பச்சை விலங்கு, இரண்டாம் பாகத்தில் அது இல்லை.

வெடிகுண்டு: அப்படியானால் கார்ப்பரல் ஷெப்பர்டும் கமாண்டர் ஷெப்பர்டும்...

கார்ப்பரல் 1999-லிருந்து ஜி-மேன் என்ற மர்ம மனிதர் அடைத்துவைத்த விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வரட்டும், அப்போது பார்க்கலாம்.