சென்னையில் தொழிலுக்குப் புது சப்ளையரை எப்படிப் பிடிப்பது?

"அட்டைப்பெட்டி கொடுத்துவந்தவர் திடீரென்று கைவிரித்துவிட்டார், வேறு ஆளை எங்கே தேடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பத்தூரில் ஒரு மசாலாப் பொடி யூனிட்டில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். இதே தவிப்பு எனக்கும் வந்திருக்கிறது.

நான் தேட ஆரம்பித்தது மளிகைக் கடை வாசலில். அங்கே கிடக்கும் காலிப் பெட்டியைக் கவிழ்த்து அடி மடிப்பைப் பாருங்கள். பல பெட்டிகளில் செய்த கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கும். உங்களுடையதைப் போன்ற சரக்கைச் சுமந்து நசுங்காமல் வந்த பெட்டி அது, அதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. ஒரே மதியத்தில் எனக்கு நான்கு நம்பர் கிடைத்தது. அப்புறம் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகளில் விசாரித்தேன். போனில் பிடிகொடுக்காதவர்கள்கூட நேரில் போய் நின்றால் இரண்டு பேரையாவது கைகாட்டுவார்கள்.

விலை கேட்கும் முன் எத்தனை ப்ளை (அட்டையில் எத்தனை அடுக்கு), என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில்), பெட்டியின் உள்ளளவு, மாதத் தேவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பழைய மாதிரியேதான்" என்றால் ஆளுக்கு ஒரு பொருளை மனதில் வைத்து விலை சொல்வார்கள்.

சாம்பிளை அவசியம் தராசில் வையுங்கள். எங்களுக்கு ஒருவர் கொடுத்த சாம்பிள் 410 கிராம், லோடில் வந்ததோ 360. பேப்பரைக் குறைத்துவிட்டார். ஐப்பசி மழை ஈரத்தில் அடுக்கின் கீழ்வரிசை அப்படியே உட்கார்ந்துவிட்டது, பொடி பாக்கெட்டெல்லாம் பிதுங்கி நின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு லோடிலும் நடுக்கட்டிலிருந்து பத்துப் பெட்டி எடுத்து எடை போட்ட பிறகுதான் சலானில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜிஎஸ்டி எண்ணையும் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்பதும் அங்கேயே தெரியும். அவர் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது தன் விற்பனை விவர ரிட்டர்னைப் போடாவிட்டால், அந்த பில் உங்கள் 2பி-யில் (உங்களுக்கு எந்த பில்லுக்கெல்லாம் கிரெடிட் உண்டு என்று போர்ட்டல் காட்டும் பட்டியல்) வராது, நீங்கள் கொடுத்த வரிக்கு கிரெடிட் எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. சிறிய ஆட்கள் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்வார்கள், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் ஆர்டர் ஒரு வாரத் தேவைக்கு மட்டும் போதும். அவர் சரியாகக் கொடுத்தாலும் இன்னொருவரைக் கையில் வைத்திருங்கள். எங்கள் மாதத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் இரண்டாவது ஆளுக்குத்தான் போகிறது.