அப்பா வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி பதிவு: சம்மதக் கடிதம் போதுமா?

போதும். அப்பா வீட்டில் தையல் யூனிட் நடத்த வாடகை ஒப்பந்தம் தேவையில்லை. வெள்ளைத்தாளில் அவர் எழுதிய சம்மதக் கடிதம், அவருடைய ஆதார் நகல், வீட்டுவரி ரசீது அல்லது கரண்ட் பில், அவ்வளவுதான். மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலிலேயே இது இருக்கிறது.

இதெல்லாம் கொடுத்தும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது என்கிறீர்கள். எனக்குக் கரண்ட் பில் மேல்தான் சந்தேகம். தாத்தா காலமாகிப் பத்து வருஷம் ஆகியும் இணைப்பு அவர் பெயரிலேயே ஓடும் வீடுகள் நிறைய.

பில், வரி ரசீது, விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரையும் கதவு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண், புதிய எண் குழப்பமும் இருக்கலாம். வரி ரசீது அப்பா பெயரில் இருந்தால் பில்லுக்குப் பதில் அதை இணைத்து, ஆர்இஜி-04 படிவத்தில் பதில் போடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 7 வேலை நாள்தான் அவகாசம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ரசீதும் தாத்தா பெயரில்தான் என்றால் முதலில் பெயர் மாற்றம்; நிராகரித்தாலும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.