கேள்வி–பதில்: கிளவுட்ஸ்டாக் பேக்கேஜும் விஎம்வேர் ஆதரவும்

கேள்வி: கிளவுட் சேவையை நிர்வகிக்கும் மென்பொருளான அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்கின் மூலநிரலை இறக்கி, அதனுடன் வரும் ஸ்கிரிப்ட்டைக் கொண்டே ஆர்பிஎம் (ரெட் ஹேட் வகை லினக்ஸுக்கான) பேக்கேஜ்கள் கட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. கேவிஎம் கிளஸ்டர் சேர்க்க முடிகிறது. விஎம்வேர் கிளஸ்டர் சேர்க்கப் போனால் தோற்றுப்போகிறது. ஆனால் திரையில் உள்ள ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) பட்டியலில் விஎம்வேர் பெயர் இருக்கிறதே?

பதில்: பெயர் தெரிவதை நம்பாதீர்கள். அந்தப் பட்டியல் 'ஹைப்பர்வைசர் டாட் லிஸ்ட்' என்ற குளோபல் செட்டிங்கிலிருந்து வருகிறது. அந்த ஹைப்பர்வைசருக்கான ப்ளக்இன் உண்மையில் உள்ளே இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் கட்டிய பேக்கேஜில் விஎம்வேர் ப்ளக்இன் இல்லை. பில்டு ஸ்கிரிப்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது 'ஓஎஸ்எஸ்' வகையை, அதாவது முழுக்கத் திறந்தமூல நூலகங்களை மட்டுமே கொண்ட பில்டை.

காரணம் உரிமம்தான். கிளவுட்ஸ்டாக் 2012 ஏப்ரலில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, 2013 மார்ச்சில் அதன் முதல்நிலைத் திட்டமானது. அப்பாச்சியின் விதிப்படி, வெளியீட்டில் தனியுரிம நூலகங்களோ அப்பாச்சி உரிமத்துக்கு ஒவ்வாத உரிமம் உள்ளவையோ இருக்கக் கூடாது. விஎம்வேரின் நிர்வாக சர்வரான விசென்டருடன் பேசத் தேவையான 'விம்25' ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) விஎம்வேருடைய எஸ்டிகேயில், அதாவது நிரலாளர்களுக்கான தொகுப்பில், வருவது. ஆகவே ப்ளக்இன் நிரல் திறந்தமூலமாகவே மூலநிரலில் கிடக்கிறது, ஆனால் அதைக் கம்பைல் செய்யத் தேவையான ஜாரை மட்டும் நீங்கள் தேடிக் கொண்டுவர வேண்டும். இந்த வகை பில்டுக்கு 'நோரெடிஸ்ட்' (மறுவிநியோகத்துக்கு அல்லாதது) என்று பெயர்.

விஎம்வேர் தேவையில்லை என்றால் ஓஎஸ்எஸ் பில்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேவிஎம், ஜென்சர்வர் இரண்டும் அதிலேயே உண்டு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நோரெடிஸ்ட் கட்டினால், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஜார் தேடும் வேலை உங்கள் தலையில் விழும்.

கேள்வி: நோரெடிஸ்ட் பேக்கேஜை வரிசையாக எப்படிக் கட்டுவது? ஆர்பிஎம், டெப் (டெபியன் வகை லினக்ஸுக்கான பேக்கேஜ்) இரண்டும் வேண்டும்.

பதில்: முதலில் மூலநிரலின் கையொப்பத்தைச் சரிபாருங்கள். வெளியீட்டுப் பக்கத்தில் கோப்புடன் கையொப்பமும் ஷா512 சரிபார்ப்புத் தொகையும் இருக்கும், வெளியீட்டாளர்களின் சாவிகள் உள்ள 'கீஸ்' கோப்பை ஜிபிஜி என்ற கையொப்பக் கருவியில் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள். அப்பாச்சியைப் பொறுத்தவரை அதிகாரபூர்வமான வெளியீடு மூலநிரல் மட்டுமே. அதிலிருந்து நீங்களே பேக்கேஜ் கட்டும்போது இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டால் பிறகு செய்யும் எதற்கும் அடித்தளமில்லை.

அடுத்து ஜார்கள். மூலநிரலில் 'டெப்ஸ்' என்ற ஃபோல்டரில் 'இன்ஸ்டால்-நான்-ஓஎஸ்எஸ்' ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் அதைத் திறந்து படியுங்கள். எந்தக் கோப்பு, எந்தப் பெயரில், எந்தப் பதிப்பு எண்ணுடன் வேண்டும் என்பது வரிவரியாக அதில்தான் இருக்கிறது. விஎம்வேர் எஸ்டிகேயில் கோப்பின் பெயர் எப்போதும் வெறும் 'விம்25 டாட் ஜார்'. ஸ்கிரிப்ட் எதிர்பார்ப்பதோ 'விம்25 அண்டர்ஸ்கோர் 65' போலப் பதிப்பு ஒட்டிய பெயர். பெயரை நீங்கள்தான் மாற்ற வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கையில் கிடைத்த ஏதோ ஒரு பதிப்பின் ஜாருக்கு ஸ்கிரிப்ட் கேட்கும் பெயரைச் சூட்டிவிட்டால் மேவன் (ஜாவா நிரலைக் கட்டும் கருவி) அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்காது. சிக்கல் கம்பைல் நேரத்தில் 'சிம்பல் கிடைக்கவில்லை' என்று வெடித்தால் அதிர்ஷ்டம். விசென்டருடன் பேசும்போது வெடித்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று: 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அதன் பிறகு எஸ்டிகே பதிவிறக்கப் பக்கங்கள் இடம் மாறிவிட்டன, பழைய குறிப்புகளில் உள்ள முகவரிகளை நம்பி இருக்க வேண்டாம்.

ஜார்களை வைத்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஓட்டினால், அது ஒவ்வொன்றையும் உங்கள் கணக்கின் மேவன் களஞ்சியத்தில் பதிந்துவிடும். அது ஹோம் ஃபோல்டரில் 'டாட் எம்2' என்ற பெயரில் இருக்கும்.

ஆர்பிஎம் என்றால் 'பேக்கேஜிங்' ஃபோல்டருக்குள் போய் 'பேக்கேஜ்' ஷெல் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். டிஸ்ட்ரிபியூஷன் பெயரை ஒரு விருப்பமாகவும், 'பேக்' என்ற விருப்பத்துக்கு 'நோரெடிஸ்ட்' என்ற மதிப்பையும் கொடுங்கள். கட்டி முடித்த கோப்புகள் 'டிஸ்ட்' ஃபோல்டரின் கீழ் ஆர்பிஎம்பில்ட் அடைவில் கிடைக்கும். ஓடும்போது, மேவன் பில்டில் நோரெடிஸ்ட் கொடி சேர்க்கப்படுகிறது என்று சொல்லும் ஒரு வரி ஆங்கிலத்தில் வரும். அந்த வரி வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டெப் என்றால் 'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்' கட்டளை. அதில் நேரடியாக நோரெடிஸ்ட் விருப்பம் கிடையாது. டெபியன் அடைவின் 'ரூல்ஸ்' கோப்பு மேவனை அழைக்கும்போது 'ஏசிஎஸ் அண்டர்ஸ்கோர் பில்ட் அண்டர்ஸ்கோர் ஆப்ட்ஸ்' என்ற சூழல் மாறியை, எல்லாம் பெரிய எழுத்தில், கூடவே சேர்த்துக்கொள்கிறது. அந்த மாறியில் ஹைபன், பெரிய டி, ஒட்டியே நோரெடிஸ்ட் என்று வைத்துவிட்டுக் கட்டளையை ஓட்டுங்கள். முன்னால் சுடோ (ரூட் உரிமையில் ஓட்டும் கட்டளை) போடாதீர்கள். சுடோ சாதாரணமாகச் சூழல் மாறிகளை உதறிவிடும், பேக்கேஜ் சத்தமில்லாமல் ஓஎஸ்எஸ் வகையாகிவிடும்.

நோரெடிஸ்ட் என்பது மேவனில் ஒரு பண்பு (ப்ராப்பர்ட்டி). பெரிய பி போட்டு ப்ரொஃபைல் பெயராகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பெயரில் ப்ரொஃபைல் இல்லை என்றால் மேவன் 3 ஒரு எச்சரிக்கை வரியோடு நகர்ந்துவிடும், பில்டும் 'வெற்றி' என்று முடியும்.

கேள்வி: ஜார்களைப் பதிந்துவிட்டேன். ஸ்கிரிப்ட் எல்லாமே வெற்றி என்கிறது. ஆனாலும் பேக்கேஜ் கட்டும்போது 'விஎம்வேர்-விம்25 ஆர்ட்டிஃபேக்ட் கிடைக்கவில்லை' என்று நிற்கிறது.

பதில்: பெரும்பாலும் பதிந்த கணக்கு வேறு, கட்டும் கணக்கு வேறு. சுடோ போட்டுப் பதிந்தால் ஜார்கள் ரூட் கணக்கின் எம்2 களஞ்சியத்துக்குப் போய்விடும். பிறகு சாதாரணப் பயனராகக் கட்டினால் மேவன் உங்கள் எம்2வில் தேடும், அங்கே எதுவும் இருக்காது. இரண்டையும் ஒரே கணக்கில் செய்யுங்கள், அந்தக் கணக்கு ரூட்டாக இல்லாமல் இருப்பது நல்லது.

டாக்கர் கன்டெய்னரில் கட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு வினோதம் உண்டு. கன்டெய்னருக்குள் பாஸ்வேர்டு கோப்பில் பதிவில்லாத ஒரு பயனர் எண்ணில் ஓட்டினால், ஜாவாவுக்கு ஹோம் ஃபோல்டர் எது என்று தெரியாது. அது ஹோம் சூழல் மாறியைப் பார்க்காமல் பாஸ்வேர்டு கோப்பைத்தான் பார்க்கிறது. விளைவு, நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே வெறும் கேள்விக்குறி என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் முளைக்கும், அதற்குள் எம்2 இருக்கும். இதைப் பார்த்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. 'மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல்' பண்பில் களஞ்சியத்தின் முழுப் பாதையைக் கொடுங்கள், பதியும் கட்டளைக்கும் கட்டும் கட்டளைக்கும் அதே பாதை.

இரண்டும் இல்லை என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பிழைச் செய்தியின் கடைசியில் மேவன் கேட்கும் எண் இருக்கும். எம்2வில் பதிந்திருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

கேள்வி: பில்டு மிகவும் நேரம் எடுக்கிறது. சோதனைகளைத் தவிர்க்கலாமா?

பதில்: பேக்கேஜ் கட்ட மட்டும் என்றால் தவிர்க்கலாம், ஆனால் 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' பண்பைப் பயன்படுத்துங்கள், 'மேவன் டாட் டெஸ்ட் டாட் ஸ்கிப்' வேண்டாம். முதலாவது சோதனை நிரலைக் கம்பைல் செய்துவிட்டு ஓட்டாமல் விடும். இரண்டாவது கம்பைலே செய்யாது. கிளவுட்ஸ்டாக்கில் சில மாட்யூல்கள் வேறு மாட்யூல்களின் சோதனை ஜாரை நம்பியிருக்கின்றன. அந்த ஜார் உருவாகாவிட்டால் பாதி வழியில் சார்பு கிடைக்கவில்லை என்று நிற்கும். நீங்களே நிரலில் கை வைத்திருந்தால் சோதனைகளைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து 'மேவன் ஆப்ட்ஸ்' மாறியில் மேக்ஸ்பெர்ம்சைஸ் வைத்தேன். இப்போது மேவனே தொடங்க மறுக்கிறது.

பதில்: அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். பெர்ம்ஜென் நினைவகம் ஜாவா 8இலேயே போய்விட்டது. அதன் பின் வந்த பதிப்புகள் எச்சரித்துவிட்டு ஓடின, ஜாவா 17 அந்த விருப்பத்தையே அடையாளம் தெரியவில்லை என்று தள்ளிவிடுகிறது. ஹீப் அளவை மட்டும் 2 ஜிபி என்று வைத்தால் போதும்.

எந்த ஜாவாவில் கட்டுகிறீர்கள் என்பதை 'மேவன் ஹைபன் வி' கட்டளையில் பாருங்கள். முனையத்தில் ஜாவா காட்டும் பதிப்பும் மேவன் பயன்படுத்தும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மேவன் ஜாவா ஹோம் மாறியை முதலில் பார்க்கிறது. சர்வரில் ஓடும்போது கிளாஸ் ஃபைல் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால் எண்ணைப் படியுங்கள்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17. கட்டிய ஜாவாவை விடச் சர்வரின் ஜாவா பழையது என்பதே அதன் பொருள். 'கம்பைலர் இல்லை' என்று வந்தால் கம்பைலர் உள்ள ஜேடிகேவுக்குப் பதில், நிரலை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ நிறுவியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஓஎஸ்எஸ் பேக்கேஜ் ஏற்கெனவே ஓடும் சர்வரில் நோரெடிஸ்ட் பேக்கேஜை நிறுவினேன். எதுவும் மாறவில்லை.

பதில்: இரண்டுக்கும் பெயரும் ஒன்று, பதிப்பும் ஒன்று. 'ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது' என்று பேக்கேஜ் மேலாளர் நகர்ந்திருக்கும். ரீஇன்ஸ்டால் கட்டளை அந்த நேரத்துக்குத் தீர்வுதான், ஆனால் எந்தச் சர்வரில் எது இருக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. கட்டும்போதே வேறுபடுத்துங்கள். டெப் என்றால் சேஞ்ச்லாகில் 4.19.1.0 என்பதை 4.19.1.0+விஎம்1 போல, பின்னொட்டை ஆங்கில எழுத்தில், மாற்றுங்கள். கூட்டல் குறி பழையதை விடப் பெரிய பதிப்பாகக் கணக்கிடப்படும். அலைக்குறி போட்டால் சிறியதாகிவிடும், அப்கிரேடு நடக்காது. ஆர்பிஎம்மில் ஸ்கிரிப்ட்டின் 'ரிலீஸ்' விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஆர்பிஎம் பதிப்பு எண்ணுக்குள் ஹைபன் அனுமதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். மேனேஜ்மென்ட் பேக்கேஜ் அதே பதிப்புள்ள காமன் பேக்கேஜைக் கேட்கும், ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே நிறுவுங்கள்.

நிறுவும் முன் உள்ளே பார்ப்பது இன்னும் நல்லது. டெப் கோப்பை 'டிபிகேஜி-டெப்' கட்டளையின் சிறிய எக்ஸ் விருப்பத்தாலும், ஆர்பிஎம்மை 'ஆர்பிஎம்2சிபிஐஓ' வழியாகவும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரியுங்கள். மேனேஜ்மென்ட் பேக்கேஜின் லிப் ஃபோல்டரில் கிளவுட்ஸ்டாக் பெயரோடு ஒரு பெரிய ஜார் இருக்கும். அன்சிப் கட்டளையில் அதன் பட்டியலை எடுத்து 'காம், விஎம்வேர், விம்25' என்ற பாதையைத் தேடுங்கள். ஒரு வரி கூட வரவில்லை என்றால் அது ஓஎஸ்எஸ் பில்டு, கோப்பின் பெயர் என்ன சொன்னாலும் சரி.

கேள்வி: கட்டிய நோரெடிஸ்ட் பேக்கேஜை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாமா?

பதில்: விஎம்வேர் ஜார் அதற்குள் இருக்கிறது. அதன் எஸ்டிகே உரிமத்தில் மறுவிநியோகம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அனுமதி தெளிவாக இருந்தால் மட்டும் வையுங்கள். உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்த ஒரு உள்களஞ்சியம் போதும்: ஆர்பிஎம்முக்கு 'கிரியேட்ரெப்போ', டெப்புக்கு 'ரெப்ரெப்ரோ'. ஓஎஸ்எஸ் கோப்புகளையும் நோரெடிஸ்ட் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் கலக்காமல் தனித்தனிக் களஞ்சியமாக வைத்து, இரண்டுக்கும் உங்கள் ஜிபிஜி சாவியால் கையொப்பமிடுங்கள்.